ஒரே கொடையாளியை நம்பாமல் டிரஸ்ட் நடத்துவது எப்படி? சிறு தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அன்று மார்ச் 19. மாலை நாலரை மணிக்கு போன் வந்தது. ஆறு வருடமாக எங்களுக்குப் பணம் கொடுத்துவந்த கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரி. நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "சார், அடுத்த வருஷத்துல இருந்து எங்க ஃபண்ட் எல்லாம் ஏரி, குளம் தூர்வாருறதுக்குப் போகுது. கல்வி இல்ல."

கோவில்பட்டிப் பக்கம் ஒன்பது கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறிய டிரஸ்டுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். ஒன்பது ஆசிரியைகள், 270 பிள்ளைகள். ஏப்ரல் சம்பளத்துக்கு வங்கியில் பணம் இருந்தது, மே மாதத்துக்குப் பாதிதான். அன்று ராத்திரி உட்கார்ந்து நான் போட்ட கணக்கும், அதற்குப் பின் மூன்று ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. ஆண்டுக்குப் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை செலவிடும் டிரஸ்டுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வருமான வரிச் சட்டம் பற்றி முதலிலேயே ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. எல்லோர் வாயிலும் இன்னும் 80ஜி, 12ஏபி என்றுதான் இருப்பதால் நானும் பழைய எண்களையே சொல்கிறேன். படிவம் போடும்போது ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: மூன்று ஆண்டு வரவை ஒரே தாளில் எழுதுங்கள்

எக்செல் வேண்டாம், பெரிய தாள் ஒன்று போதும். ஐந்து பத்தி போடுங்கள்: யார் கொடுத்தார், எவ்வளவு, எந்த மாதம் கைக்கு வந்தது, எதற்கு மட்டும் செலவழிக்கலாம், அடுத்த ஆண்டு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஆள் யார்.

முதல் நான்கும் உங்கள் தணிக்கை அறிக்கையிலேயே கிடைத்துவிடும். ஐந்தாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தாளில் கம்பெனி 12,50,000 ரூபாய், ஒரு குடும்ப அறக்கட்டளை 2,00,000, நண்பர்களும் தெரிந்தவர்களும் 2,40,000, வட்டி முதலியவை 40,000. மொத்தம் 17,30,000. பார்வைக்கு நான்கு வழி. ஐந்தாவது பத்தியை நிரப்பியபோதுதான் தெரிந்தது, அந்தக் குடும்ப அறக்கட்டளைக்கு எங்களை அறிமுகப்படுத்தியதே கம்பெனியின் தொழிற்சாலை மேலாளர்தான் என்று. அவர் மாற்றலாகிப் போனால் இரண்டும் போய்விடும். நான்கு வழி என்று நினைத்தது உண்மையில் இரண்டரை.

அடுத்து, தாளில் ஆகப்பெரிய தொகை உள்ள வரியை அடித்துவிட்டு மீதியை மாதச் செலவால் வகுத்துப் பாருங்கள். எங்களுக்கு மீதி 4,80,000. மாதச் செலவு சுமார் 1,52,500. மூன்று மாதத்துக்குச் சற்று மேல். இந்த எண் ஆறுக்குக் கீழே இருந்தால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு இதைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: உண்மையான செலவைக் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் யாரிடமும் பணம் கேட்கப் போகாதீர்கள். போனால் ஒவ்வொரு நன்கொடையோடும் ஒரு சிறு நட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

எங்கள் கணக்கு இது. ஒரு மையத்துக்கு மாதம்: ஆசிரியைக்கு 6,000, அறை வாடகை 1,000, சுண்டல் 30 பிள்ளைகளுக்குத் தலைக்கு 6 ரூபாய் வீதம் 22 நாளுக்கு 3,960, கரண்ட், சாக்பீஸ், நோட்டு எல்லாமாக 540. ஆக 11,500. ஒன்பது மையம், பன்னிரண்டு மாதம்: 12,42,000. இதை 270 பிள்ளைகளால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,600. ஆறு வருடமாக எல்லோரிடமும் இந்த எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். "ஒரு குழந்தையைப் படிக்கவைக்க வெறும் 4,600 ரூபாய்" என்று நோட்டீஸே அடித்திருந்தோம்.

சரி, ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 18,000 யார் தருவது? அவர் ஒன்பது ஊருக்கும் பைக்கில் சுற்றும் பெட்ரோல் 4,000? பகுதிநேரக் கணக்கருக்கு 8,000? அலுவலக வாடகை, போன், இன்டர்நெட் 6,000? இவையே ஆண்டுக்கு 4,32,000. ஆடிட்டர், படிவங்கள், ஆசிரியைகளுக்குப் பயிற்சி, ரிப்பேர் எல்லாம் சேர்ந்து இன்னும் 1,56,000. உண்மையான மொத்தம் 18,30,000, ஒரு பிள்ளைக்கு 6,778. நோட்டீஸுக்கும் நிஜத்துக்கும் நடுவே 5,88,000 ரூபாய்ப் பள்ளம். அதை இதுவரை எப்படி நிரப்பினோம் என்றால், ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளத்தைத் தள்ளித்தள்ளிக் கொடுத்தும், நண்பர்களின் பணத்தை அதற்குள் போட்டும், கடைசியில் இடித்த ஒரு லட்சத்தைச் செயலாளர் தன் கையிலிருந்து போட்டும்தான். பெரும்பாலான சிறு டிரஸ்டுகளில் இப்படி ஒரு செயலாளர் இருப்பார். அவர் வீட்டில் இந்தக் கணக்கு தெரிந்திருக்காது.

அந்த 5,88,000-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மூன்றாம் படி: காகிதங்களை ஒழுங்காக்குங்கள்

அலுப்பான வேலை, ஆனால் இதில் ஒன்று குறைந்தாலும் ஒரு வழி அடைபடும். டிரஸ்ட் பத்திரமோ சங்கப் பதிவோ, பான், தணிக்கை அறிக்கைகள் இவை அடிப்படை. அதற்கு மேல்:

12ஏபி, உங்கள் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு. 80ஜி, உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு. இரண்டும் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் என்ற காலம் 2021-ஓடு போயிற்று. புதிய டிரஸ்டுக்கு முதலில் மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். 2025-இல் 5 கோடிக்குள் வருமானம் உள்ள சிறியவர்களுக்கு 12ஏபி பதிவைப் பத்தாண்டாக நீட்டினார்கள். அந்தச் சலுகையில் 80ஜி சேரவில்லை. இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

80ஜி வைத்திருந்தால் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள், யார் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுத்தால்தான் கொடையாளிக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும், அது இல்லாமல் அவருக்குச் சலுகை இல்லை. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். மே மாதம் போன் போட்டு "அண்ணாச்சி, பான் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்து வைத்துவிடுவார்.

அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவு அரசு மானியங்களுக்கு வேண்டும். கம்பெனிப் பணத்துக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

நான்காம் படி: உள்ளூர் மாதாந்திர நன்கொடை

எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சொன்ன பிடி அரிசித் திட்டம் நினைவிருக்கும். வீட்டில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைப்பது. மிசோரமில் திருச்சபைக் குடும்பங்கள் பல தலைமுறையாக இதையே செய்கின்றன, அங்கே அதற்குப் பூஃபாய் தாம் என்று பெயர். கொடுப்பவர் ஒவ்வொரு வேளையும் யோசித்து முடிவெடுப்பதில்லை, கை தானாகப் போகிறது. இன்று அந்தப் பிடி அரிசியின் இடத்தில் யூபிஐ ஆட்டோபே இருக்கிறது. ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் மாதாமாதம் தானே கழியும்.

தேதி முக்கியம். 1-ஆம் தேதி வைத்தோம், கடன் தவணையெல்லாம் அன்றுதான் போகும் என்பதால் பாதிப் பேருக்குக் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியது. 7-ஆம் தேதிக்கு மாற்றியதும் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

யாரிடம் கேட்பது? உங்கள் வேலையைக் கண்ணால் பார்க்கக்கூடியவர்களிடம். நாங்கள் ஒவ்வொரு மையத்தையும் சுற்றிப் பட்டியல் போட்டோம்: பலசரக்குக் கடை, பேக்கரி, மருந்துக்கடை, தீப்பெட்டி ஆபீஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அந்த ஊரில் படித்து இப்போது சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பவர்கள். கேட்ட தொகை மாதம் 300. 100 கேட்டால் நிறையப் பேர் சேர்வார்கள் என்று ஒரு கட்சி இருந்தது. ஆனால் ரசீது, நன்றி, விசாரிப்பு எல்லா வேலையும் 100 ரூபாய்க்கும் 300 ரூபாய்க்கும் ஒன்றுதான்.

கேட்ட விதத்தைச் சொல்கிறேன். பேக்கரிக்காரர் ஒருவரிடம் எங்கள் ஒருங்கிணைப்பாளர் போய்ப் பத்து நிமிடம் நோக்கம், தொலைநோக்கு என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் பன்னைப் பொட்டலம் கட்டியபடி கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, அந்தக் காளியம்மன் கோயில் பக்கத்து ரூம் மழைக்கு ஒழுகுமே, அதைச் சரி பண்ணிட்டீங்களா?" பண்ணவில்லை. "அதுக்கு எவ்வளவு ஆகும்?" 4,000 ரூபாய். அங்கேயே எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் புது ஓடு போட்ட போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, மாதம் 300 பற்றிக் கேட்டோம். "500-ஆப் போட்டுக்கோங்க" என்றார். இன்றுவரை போகிறது. அதன் பின் நாங்கள் நோக்கம் பேசுவதையே விட்டுவிட்டோம். ஒழுகும் கூரை, உடைந்த கரும்பலகை, ஏழாம் வகுப்பு வரை எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருந்து இப்போது தினத்தந்தித் தலைப்பு வாசிக்கும் பையன், இதெல்லாம் போதும்.

இன்னொன்று, நம் ஊரில் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் தாராளமாக வரும். அதே ஆளிடம் ஆசிரியை சம்பளத்துக்குக் கேட்டால் முகம் மாறும். "சம்பளத்துக்கா?" என்பார். இதில் சண்டை போட்டுப் பயனில்லை. நாங்கள் "ஒரு மையம், ஒரு நாள்" என்று ஒரு அட்டை அச்சடித்தோம். மொத்தச் செலவை ஒன்பது மையத்துக்கும் ஆண்டின் வேலை நாட்களுக்கும் பகிர்ந்தால் ஒரு மையத்துக்கு ஒரு நாள் 770 ரூபாய் வருகிறது. "உங்கள் அப்பா நினைவுநாளன்று இந்த ஊர் மையம் உங்கள் செலவில் நடக்கட்டும்" என்றோம். கரும்பலகையின் மூலையில் அவர் பெயரைப் பிள்ளைகள் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்த 770-க்குள் சுண்டலும் இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது, ஆடிட்டர் கட்டணத்தில் ஒரு துளியும் இருக்கிறது.

கணக்கு வைக்கும் முறைக்கு மொய் நோட்டைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்தில் யார், எந்த ஊர், எவ்வளவு, எந்த விசேஷம் என்று எழுதிவைத்து, பத்து வருடம் கழித்தும் புரட்டிப் பார்ப்பார்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், நன்கொடை அப்படியல்ல. ஆனால் கொடுத்தவரின் பெயரை மறக்கக் கூடாது என்ற அந்தக் கவனம் டிரஸ்டுக்கு அப்படியே வேண்டும். பெயர், ஊர், யார் மூலம் வந்தார், எதைப் பற்றி விசாரித்தார், கடைசியாக எப்போது பேசினோம், இவ்வளவும் ஒரு ஷீட்டில் இருக்கட்டும்.

உண்டியல் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், அளவோடு. பெயர் தெரியாத நன்கொடை ஆண்டுக்கு ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது பெரியதோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

80ஜி பற்றிப் பெரிதாகப் பேசி நன்கொடை கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு, அதிலும் வருமானத்தோடு சேர்ந்த ஓர் உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் இல்லை. இன்று சம்பளக்காரர்களில் பலர் புதிய முறையில்தான் இருக்கிறார்கள். ரசீதைச் சரியாகக் கொடுங்கள், ஆனால் அதை வைத்துக் கேட்காதீர்கள்.

ஆண்டுக்கு நாற்பது பேராவது எங்களிடமிருந்து கழன்றுகொள்கிறார்கள். வேலை போகும், வங்கி மாறும், அலுத்துப்போகும். ஆகவே 180 பேரைத் தக்கவைக்க ஆண்டுக்கு நாற்பது புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 180 பேர், மாதம் 300, ஆண்டுக்கு 6,48,000. மேலே சொன்ன 5,88,000 பள்ளம் நினைவிருக்கிறதா? எந்தக் கம்பெனியும் தர விரும்பாத ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் பெட்ரோலும் ஆடிட்டர் கட்டணமும் இதிலிருந்துதான் போகின்றன. தொகையை வைத்துப் பார்த்தால் இது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், ஒரே போனில் நின்றுபோகாது. ஒரு வழி வலுவானதா என்று பார்க்க நான் இப்போது தொகையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

ஐந்தாம் படி: கம்பெனிப் பணத்தை அளவோடு வாங்குங்கள்

2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கம்பெனிகள் சட்டப் பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பெரிய பெயர்களின் பின்னால் எல்லோரும் ஓடுகிறார்கள். 5 கோடி லாபம் என்பது நம் பக்கத்து நூற்பாலைக்கும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். சட்டமே தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. உங்கள் தாலுகாவில் ஆலை உள்ள நடுத்தரக் கம்பெனிகளுக்குத் தனி சிஎஸ்ஆர் துறையே இருக்காது, கணக்கு மேலாளரோ கம்பெனிச் செயலாளரோ கூடுதலாகப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது தலைவலி இல்லாத, காகிதம் சரியாக உள்ள, நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு டிரஸ்ட்.

உங்களுக்கு 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 மூன்றோடு குறைந்தது மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். திட்ட மனுவை ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள் கொடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரும் பணம் பெரும்பாலும் செலவாகாமல் மிஞ்சியது. மார்ச் 31-க்குள் முடித்துக் கணக்குக் கொடு என்ற நெருக்கடியோடு வரும். வாங்கி, தேவையில்லாத டேப்லெட்டுகளை வாங்கிக் குவித்தவர்களை எனக்குத் தெரியும். முடிந்தால் "தொடர் திட்டம்" என்ற வகையில் கேளுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, தொடங்கும் ஆண்டு போக மூன்றாண்டு வரை போகலாம்.

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி தரமுடியாது" என்று உங்களிடம் சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்கு. திட்டத்தை நடத்தவும் மேற்பார்வை செய்யவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. எனவே ஆசிரியை சம்பளம், களமேற்பார்வையாளர், அவர் பயணம் எல்லாவற்றையும் திட்டச் செலவாகவே, பெயர் சொல்லி எழுதுங்கள். "நிர்வாகம்" என்று ஒரே வரியில் போட்டால் வெட்டுவார்கள், வெட்டினால் குறை உங்கள் மேல்தான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: நிறுத்துவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று கம்பெனிகளிடம் கேட்டோம். இரண்டு ஒப்புக்கொண்டன, ஒன்று சிரித்தது. ஒப்புக்கொண்ட இரண்டோடும்தான் இப்போது வேலை செய்கிறோம். ஒரு கம்பெனி மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று எங்கள் அறங்காவலர் குழுவில் தீர்மானம் இருக்கிறது. போன வருடம் ஒருவர் பத்து லட்சம் தருவதாகச் சொன்னபோது அந்தத் தீர்மானம் பெரிய சோதனைக்குள்ளானது. இரண்டு மணி நேர வாக்குவாதத்துக்குப் பின் நாலு லட்சம் மட்டும் வாங்கினோம். செயலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆறாம் படி: வெளிநாட்டுப் பணம், எச்சரிக்கையோடு

சிங்கப்பூரிலும் துபாயிலும் கனடாவிலும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இங்கே தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வித்தியாசம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, உங்கள் சாதாரணக் கணக்கில் வாங்கலாம். அவரே சிங்கப்பூர் குடிமகனாகிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி கனடா பாஸ்போர்ட், இரண்டு பேரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருப்பார்கள், க்யூஆர் கோடைப் பார்த்ததும் இருவரும் அனுப்பிவிடுவார்கள். ஆகவே க்யூஆர் கோடை அப்படியே குழுவில் போடாதீர்கள். பாஸ்போர்ட் முதல் பக்க நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, அதன் பிறகு கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

எஃப்சிஆர்ஏ பதிவு எடுப்பதா? மூன்றாண்டு பழைமையும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் நேரடிப் பணிக்குச் செலவிட்ட கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு டிரஸ்டுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. நிச்சயமாகப் பணம் தரும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று கையில் இருந்தால் எடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுப்பது வீண் சுமை. நாங்கள் எடுக்கவில்லை.

ஏழாம் படி: சொந்த வருமானம்

யாரைக் கேட்டாலும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுவார்கள். சரியான உதாரணம்தான். 1976-இல் மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார், பணம் கட்டும் நோயாளிகளின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே தாங்கள் தயாரித்தார்கள். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் விற்றது தங்கள் தொழிலையே என்பது. கண் வைத்தியர்கள் கண் வைத்தியத்தை விற்றார்கள், ஊறுகாய் விற்கவில்லை.

நாங்கள் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கடலை மிட்டாய் போட்டோம். ஆமாம், புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், மூன்று தலைமுறையாக அதையே செய்பவர்களுக்கு நடுவில். தீபாவளிக்கு 46,000 ரூபாய்க்கு விற்று, மாலை போட்டுக்கொள்ளாத குறையாகக் கொண்டாடினோம். அப்புறம்தான் கடலை, வெல்லம், கேஸ், டப்பா போக, மூன்று ஆசிரியைகள் இரண்டு வாரம் மையத்தை விட்டுவிட்டுப் பொட்டலம் போட்ட கூலியைக் கணக்கில் சேர்த்தேன். நட்டம். யாரும் கூலியைக் கணக்கில் எழுதாததால்தான் லாபம் போலத் தெரிந்தது.

இப்போது எங்கள் ஆசிரியைகள் சனிக்கிழமைகளில் தனியார் பள்ளிகளுக்குப் போய், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 80,000 வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் செலவு போகத் தங்குவது இது. இப்படி வரும் வருமானத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி தவிர்த்து "பொது நலன்" என்ற பொதுவான நோக்கத்தில் பதிவான டிரஸ்ட் என்றால், வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொடங்கும் முன் உங்கள் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அரசு மானியம் பற்றி இரண்டு வரி. கிடைத்தால் நல்லது. ஆனால் தவணைத் தவணையாக, முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வரும், தாமதமாகவும் வரும். ஆறு மாதச் சம்பளத்தைக் கைக்காசில் தாங்க முடியாத டிரஸ்ட் அதில் இறங்கினால் மூழ்கும்.

எட்டாம் படி: கையிருப்பு

சம்பளமும் வாடகையும் மூன்று மாதத்துக்கு ஓடும் அளவு பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். "வருமான வரிக்காரன் 85 சதவீதத்தைச் செலவழிக்கச் சொல்கிறானே, எப்படிச் சேர்ப்பது?" என்பார்கள். மீதி 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் குறிப்பிட்ட நோக்கத்துக்காக என்றால் படிவம் 10 கொடுத்து ஐந்தாண்டு வரை சேர்க்கலாம். மூலதன நிதிக்கென்றே எழுதிக் கொடுக்கப்படும் நன்கொடையைத் தனியாக, சட்டம் சொல்லும் முதலீடுகளில் போட்டுவைக்க வேண்டும். நினைவு நிதியாக ஒரு லட்சம் தர வருபவரிடம் இதைச் சொல்லி, அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வரவு.

ஒன்பதாம் படி: இதையெல்லாம் யார் செய்வது

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்கினால் ஒன்றும் நிற்காது. முதலாண்டு தாள், உண்மைச் செலவு, காகிதங்கள், மாதாந்திர நன்கொடை இவை மட்டும். இரண்டாமாண்டு இரண்டாவது கம்பெனியும் வெளிநாடுவாழ் ஊர்க்காரர்களும். சொந்த வருமானம் மூன்றாமாண்டில் போதும். ஒரு ஆள் வாரத்துக்கு இரண்டு நாள் இதற்கென்றே ஒதுக்க வேண்டும். அவர் சம்பளத்தில் அந்தப் பங்கும் உண்மைச் செலவில் ஏற வேண்டும்.

தேதிகள் இப்படி ஓடும்: ஏப்ரலில் தாளைப் புதுப்பிப்பது, கம்பெனிகளுக்கு மனு, மே 31-க்குள் 10பிடி, செப்டம்பர் 30-க்குள் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க நடக்கும் "தான் உத்சவ்" என்ற கொடை வாரத்தில் புதிய மாதாந்திர நன்கொடையாளர்களைச் சேர்ப்பது, அந்த ஒரு வாரத்தில்தான் எங்களுக்கு ஆண்டின் பாதிப் பேர் வருகிறார்கள், ஜனவரியில், நின்றுபோன ஆட்டோபேக்களுக்கு ஒவ்வொருவராகப் போன்.

மூன்றாண்டு கழித்து எங்கள் தாளில் இருப்பது: இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 6,50,000, மாதாந்திரம் 6,48,000, குடும்ப அறக்கட்டளைகள் 2,50,000, வெளிநாடுவாழ் ஊர்க்காரர்கள் 1,50,000, "ஒரு மையம், ஒரு நாள்" 130 நாள்களுக்கு 1,00,100, பள்ளிப் பயிற்சி 80,000. கூட்டினால் 18,78,100. செலவு அதே 18,30,000-இல் நிற்கிறது, ஆசிரியைகளுக்கு இன்னும் சம்பளம் உயர்த்தவில்லை. மிஞ்சிய 48,100 கையிருப்புக் கணக்குக்குப் போனது. செயலாளர் இந்த வருடம் கைக்காசு போடவில்லை. பெரிய தொகை உள்ள வரியை அடித்துவிட்டு வகுத்துப் பார்த்தால் இப்போது எட்டு மாதம் வருகிறது. அடுத்த ஏப்ரலில் ஆசிரியைகளுக்கு ஆளுக்கு 500 ரூபாய் கூட்டுவதாக இருக்கிறோம். அதற்கு ஆண்டுக்கு 54,000 வேண்டும், அதாவது இன்னும் பதினைந்து மாதாந்திர நன்கொடையாளர்கள். பட்டியல் போட்டுவிட்டோம், முதல் பெயர் அந்தப் பேக்கரிக்காரரின் மைத்துனர்.